கப்பல் வரும்வரை

டோங்காவின் தலைநகருக்கு அருகே ஃபுவாமோட்டு விமான நிலையம் இருக்கிறது. பெரிய விமானங்கள் இறங்குவதற்கு அங்கே ஒரே ஒரு தார் ஓடுபாதைதான். நீளம் இரண்டே முக்கால் கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. 2022 ஜனவரி மூன்றாவது வாரத்தில் அந்த ஓடுபாதை முழுவதும் சாம்பல் படிந்து கிடந்தது. படைவீரர்களும் ஊர்மக்களும் மண்வெட்டியால் அள்ளி, ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியில் போட்டு, ஓரமாகக் கொண்டுபோய்க் கொட்டினார்கள். திரும்பி வந்து மறுபடி அள்ளினார்கள். நியூசிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் தண்ணீர், கூடாரம், மருந்து எல்லாம் ஏற்றிய விமானங்கள் கிளம்பத் தயாராக நின்றன. எரிமலை வெடித்தது 15ஆம் தேதி. முதல் விமானம் தரை தொட்டது 20ஆம் தேதி.

சாம்பல் என்ற சொல்லைக் கேட்டதும் நமக்கு அடுப்பு நினைவுக்கு வரும். விறகு எரிந்து மிஞ்சிய சாம்பலை விரலால் தேய்த்தால் பஞ்சு போல இருக்கும். எரிமலைச் சாம்பல் அந்த ரகமில்லை. நொறுங்கிய பாறையும் கண்ணாடியும் கலந்த தூள் அது. ஜெட் எஞ்சினின் உள்ளே வெப்பம் 1,400 டிகிரி செல்சியஸைத் தாண்டும். இந்தக் கண்ணாடித்தூளோ 1,100 டிகிரி வாக்கிலேயே உருகிவிடும். உருகியது டர்பைன் தகடுகளில் ஒட்டி இறுகி, காற்று போகும் வழியை அடைக்கும். எஞ்சின் நின்றுபோகும். அதனால்தான் அந்த ஓடுபாதையைப் பொறுத்தவரை ஒரு நாட்டின் அவசரகாலத் திட்டம் முழுவதும் தள்ளுவண்டிக் கணக்காகிவிட்டது.

தொலைதூரத் தீவுகளின் பேரிடர்க் கதைகளைத் தேடிப் படிக்கிறபோதெல்லாம் இந்தக் காட்சி வேறு வேறு உருவத்தில் வந்து நிற்கிறது. நிலப்பகுதியில் வெள்ளம் வந்தால் பக்கத்து மாவட்டத்திலிருந்து லாரி வரும். ஒரு சாலை அறுந்தால் இன்னொரு சாலை இருக்கும். தீவுக்கு இருப்பது ஒரு துறைமுகம், ஒரு ஓடுபாதை, ஒரு கேபிள். அடிக்கிற அடி அந்த மூன்றின் மேலும் ஒரே நேரத்தில் விழுகிறது. நியூசிலாந்தின் ஆக்லாந்திலிருந்து டோங்கா ஏறக்குறைய 2,000 கிலோமீட்டர். கப்பல் கிளம்பினால் இரண்டு மூன்று நாளாகும். யாரும் அலட்சியமாக இல்லாவிட்டாலும், எல்லாரும் ஓடோடி உதவ நினைத்தாலும், முதல் சில நாள்கள் தீவுக்காரர்கள் தாமே தமக்குத் துணை. அந்தச் சில நாள்களைத் தாண்ட என்ன வேண்டும் என்பதுதான் இந்த அத்தியாயம்.

முதலில் அந்த வெடிப்பைப் பார்த்துவிடுவோம். ஹுங்கா டோங்கா – ஹுங்கா ஹாபாய் என்பது பெரும்பகுதி கடலுக்குள் மூழ்கிய எரிமலை. தலைநகர் நுகுஅலோஃபாவுக்கு வடக்கே சுமார் 65 கிலோமீட்டரில் இருக்கிறது. ஜனவரி 15 சனிக்கிழமை மாலை ஐந்து மணியைத் தாண்டியதும் அது வெடித்தது. சாம்பலும் நீராவியும் 57 கிலோமீட்டர் உயரத்துக்குப் போயின. வானிலை நிகழ்கிற அடுக்கைத் தாண்டி, அதற்கு மேலுள்ள அடுக்கையும் தாண்டிப் போன முகில் அது. வெடிச்சத்தம் அலாஸ்கா வரை கேட்டது. காற்றழுத்த அலை ஒன்று கிளம்பிப் பூமியைப் பலமுறை சுற்றி வந்தது.

டோங்காவின் மக்கள்தொகை சுமார் ஒரு லட்சம். ஐந்தில் நான்கு பேருக்கு மேல் ஏதோ ஒரு விதத்தில் பாதிக்கப்பட்டார்கள் என்று அந்நாட்டு அரசு சொன்னது. மாங்கோ என்ற சிறிய தீவில் ஒரு வீடும் மிஞ்சவில்லை. சில கரைகளில் அலை 15 மீட்டர் உயரத்துக்கு எழுந்தது. அதாவது ஐந்து மாடிக் கட்டடத்தின் உயரம். ஆனால் நாடு முழுவதும் இறந்தவர்கள் நான்கு பேர்தான். அந்த நான்கு உயிரும் பெரிது. ஆனாலும் அலையின் உயரத்தையும் இந்த எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறவர்கள் இடையில் என்ன நடந்தது என்று கேட்டே ஆக வேண்டும்.

வெடிச்சத்தம் கேட்டது, ஓடினார்கள். முதல் நாளே எரிமலை குமுறி, சுனாமி எச்சரிக்கை ஒன்று வந்துபோயிருந்தது. 2009 செப்டம்பரில் வடகோடித் தீவுகளில் ஒன்றான நியுவாடோபுடாபுவில் சுனாமி வந்து ஒன்பது பேர் இறந்ததை நாடு மறக்கவில்லை. இந்த முறை சத்தம் கேட்டதும் யாருடைய உத்தரவுக்கும் காத்திராமல் மேட்டை நோக்கிக் கிளம்பினார்கள். காத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? சுனாமி எச்சரிக்கை மையங்கள் பெரும்பாலும் நிலநடுக்கத்தை வைத்துக் கணக்குப் போடுகின்றன. பூமி குலுங்கியது, இவ்வளவு ரிக்டர், இந்த இடம், ஆகவே அலை இன்ன நேரத்தில் வரும் என்பது அவற்றின் வழி. இந்த வெடிப்பில் அந்தக் கணக்குக்குப் பிடி கொடுக்கிற பெரிய நிலநடுக்கமே இல்லை. போதாக்குறைக்கு, காற்றழுத்த அலை கடலைத் தள்ளிக்கொண்டே ஓடியது. சுனாமி ஓடவேண்டிய வேகத்தைவிட அது வேகமானது. ஜப்பானில் முதலில் பெரிய ஆபத்தில்லை என்றுதான் அறிவித்தார்கள். அந்த நள்ளிரவு கழிந்ததும் எச்சரிக்கையை மாற்ற வேண்டியதாயிற்று. அமாமி என்ற தெற்குத் தீவில் ஒரு மீட்டருக்கும் மேல் அலை பதிவானது. உலகத்திலேயே சுனாமிக்கு அதிகம் தயாராக இருக்கிற நாட்டின் நிலையே இது.

சுனாமி எவ்வளவு வேகமாக வரும் என்பதற்கு ஓர் எளிய கணக்கு உண்டு. கடலின் ஆழத்தை மீட்டரில் எடுத்து, ஏறக்குறைய பத்தால் பெருக்கி, வர்க்கமூலம் கண்டால், ஒரு வினாடிக்கு இத்தனை மீட்டர் என்ற விடை கிடைக்கும். 4,000 மீட்டர் ஆழமுள்ள நடுக்கடலில் வினாடிக்கு 200 மீட்டர், மணிக்கு 700 கிலோமீட்டருக்கு மேல். 10 மீட்டர் ஆழமுள்ள கரையோரத்தில் மணிக்கு 36 கிலோமீட்டர். அங்கேயும் அது நம்மைவிட வேகம். ஓட்டப்பந்தய வீரர்கூட நூறு மீட்டர்வரைதான் ஈடுகொடுப்பார். அலையைக் கண்ணால் பார்த்த பிறகு ஓடத் தொடங்கியவருக்குப் பெரும்பாலும் நேரமில்லை. பார்ப்பதற்கு முன்பே ஓடியிருக்க வேண்டும்.

இதை 2004 டிசம்பர் 26 அன்று செய்து காட்டியவர்கள் சிமெலுவே தீவு மக்கள். சுமத்ராவின் மேற்குக் கரைக்கு அப்பால் இருக்கிற தீவு அது. அன்றைய பூகம்பத்தின் மையத்துக்கு மிக அருகில் மனிதர் வாழ்ந்த நிலங்களில் ஒன்று. வடகோடியில் லாங்கி என்ற ஊருக்கு, குலுக்கல் நின்ற எட்டே நிமிடத்தில் பத்து மீட்டருக்கும் உயரமான அலை வந்து சேர்ந்தது. ஹவாயிலுள்ள பசிபிக் சுனாமி எச்சரிக்கை மையம் தன் முதல் அறிக்கையை வெளியிட்டது பூகம்பம் தொடங்கிச் சுமார் பதினைந்து நிமிடம் கழித்து. அதிலும் பசிபிக் கடலுக்கு ஆபத்தில்லை என்றுதான் இருந்தது. அந்த அறிக்கை எழுதப்படும்போது லாங்கியில் வீடுகள் போய்விட்டன. ஆனால் ஊரில் ஒருவர்கூட இறக்கவில்லை. தீவு முழுவதும் ஏறக்குறைய 78,000 பேர், இறந்தவர்கள் ஏழு. எதிரே பெருநிலமான ஆச்சே மாகாணத்தில் ஒன்றரை லட்சத்துக்கும் மேல்.

அவர்களிடம் இருந்தது ஒரு சொல்: 'ஸ்மோங்'. 1907இல் இதே தீவை ஒரு சுனாமி வாரிக்கொண்டு போனது. தப்பியவர்கள் தங்கள் பிள்ளைகளுக்குச் சொன்னார்கள். தரை பலமாகக் குலுங்கினால், பிறகு கடல் உள்வாங்கினால், வருவது ஸ்மோங். சட்டியையும் பெட்டியையும் தேடாதே, மலைக்கு ஓடு. தாலாட்டிலும் 'நான்டோங்' என்கிற பாட்டிலும் இந்தச் சொல் புகுந்துகொண்டது. பாட்டி பேத்திக்குச் சொன்னாள். 97 ஆண்டு கழித்து ஒரு ஞாயிறு காலையில் யாரோ ஒருவர் 'ஸ்மோங்' என்று கத்தியதும் ஊரே எழுந்து ஓடியது. ஒரே சொல்லில் என்ன நடக்கிறது, எவ்வளவு ஆபத்து, என்ன செய்ய வேண்டும் என்ற மூன்றும் அடங்கிவிட்டன. 'சுனாமி அபாய அறிவிப்பு, நிலை இரண்டு' என்று எழுதினால் அதைப் படித்துப் புரிந்துகொள்ளவே ஒரு நிமிடம் போகும். எட்டில் ஒரு நிமிடம்!

பழைய நினைவு இல்லாதவர்களுக்கு என்ன ஆகும் என்பதற்கும் சான்று இருக்கிறது. சொல்லக் கஷ்டமான சான்று. 2007 ஏப்ரல் 2 அன்று சாலமன் தீவுகளில் 8.1 அளவு பூகம்பமும் சுனாமியும் வந்தன. 52 பேர் இறந்தார்கள். கீசோ தீவில் பூர்வகுடி மெலனீசியர்கள் கடல் வற்றுவதைப் பார்த்ததும் மலைக்குப் போய்விட்டார்கள். அதே தீவில் குடியிருந்த கில்பர்ட் தீவு மக்களிடையே சாவு மிக அதிகம், அதில் குழந்தைகள் பலர். அவர்களை அங்கே கொண்டுவந்து குடியமர்த்தியது பிரிட்டிஷ் ஆட்சி, சில பத்தாண்டுகளுக்கு முன்பு. அவர்கள் வந்த பவளத் தீவுகளில் இப்படிப்பட்ட அலையின் கதை இல்லை. வற்றிய கடல் தரையில் துள்ளிய மீனைப் பார்க்கக் குழந்தைகள் இறங்கிப் போனார்கள். ஒரு மக்கள் கூட்டத்தை ஓரிடத்திலிருந்து பெயர்த்து இன்னோரிடத்தில் வைக்கிறபோது, புதிய மண்ணின் ஆபத்தைச் சொல்லித்தர ஒரு பாட்டியும் கூடவே வருவதில்லை. அந்த வேலையைப் பள்ளிக்கூடம்தான் செய்ய வேண்டும். குடியமர்த்தும் அரசாங்கம் வீட்டுமனைப் பட்டாவோடு சேர்த்துச் செய்ய வேண்டிய கடமை அது என்றே நினைக்கிறேன்.

சொல்லைப் போலவே மணியும் வேலை செய்யும். சிலியின் கரையிலிருந்து 670 கிலோமீட்டர் தள்ளி ராபின்சன் குரூசோ என்றே பெயர் சூட்டப்பட்ட தீவு இருக்கிறது. 2010 பிப்ரவரி 27 அதிகாலையில் சிலியில் 8.8 அளவில் பூமி குலுங்கியது. கரையிலிருந்து உரிய எச்சரிக்கை வரவில்லை. ஊர் தூங்கிக்கொண்டிருந்தது. பன்னிரண்டு வயதுப் பெண் குழந்தை ஒருத்தி, குடாவில் கட்டியிருந்த படகுகள் ஒன்றோடொன்று மோதி ஆடுவதை ஜன்னல் வழியே கண்டாள். வெளியே ஓடி ஊர்ச் சதுக்கத்தில் தொங்கிய அபாய மணியை அடித்தாள். சில நிமிடங்களில் அலை வந்தது. 16 பேர் இறந்தார்கள். அறுநூறு சொச்சம் பேர் வாழ்ந்த ஊர் அது. மணி கைக்கெட்டும் உயரத்தில் தொங்கியது, அதை அடிக்கச் சாவியோ பதவியோ தேவைப்படவில்லை. இந்த இரண்டையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

இனி டோங்காவுக்குத் திரும்புவோம். மக்கள் மேட்டில் இருக்கிறார்கள், உயிரோடு இருக்கிறார்கள். ஆனால் அது வெளியுலகத்துக்குத் தெரியாது. வெடிப்பால் மேலெழுந்த சாம்பலும் பாறையும் திரும்பக் கடலில் விழுந்து, எரிமலையின் சரிவு வழியே கடலடியில் ஒரு காட்டாறாக ஓடின. அதன் வேகம் மணிக்கு 122 கிலோமீட்டர் வரை இருந்தது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். கடலடியில் இதுவரை அளந்த ஓட்டங்களிலேயே அதிவேகம் இதுதான். வேகத்தை எப்படி அளந்தார்கள் தெரியுமா? வழியில் கிடந்த கேபிள்கள் எந்தெந்த நேரத்தில் அறுந்தன என்பதை வைத்து! உள்நாட்டுத் தீவுகளை இணைத்த கேபிள் சுமார் கால்மணி நேரத்தில் போனது. ஃபிஜி வழியாக உலகத்தோடு இணைத்த 827 கிலோமீட்டர்க் கேபிள் ஒரு மணி நேரத்துக்கும் மேல் கழித்து அறுந்தது. அதோடு தொலைபேசியும் இணையமும் மௌனமாயின. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் அமெரிக்காவிலும் வாழ்கிற டோங்கா மக்கள் வீட்டில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று தெரியாமல் நாள்கணக்கில் தவித்தார்கள். இலங்கையில் போர் நடந்த ஆண்டுகளில் வெளிநாட்டில் இருந்த நம் குடும்பங்களுக்கு அந்தத் தவிப்பை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

பழுதுபார்க்கும் கப்பல் பப்புவா நியூ கினியிலிருந்து வர வேண்டியிருந்தது. கேபிள் பல துண்டுகளாக அறுந்து, சகதிக்கு அடியில் புதைந்து கிடந்தது. பன்னாட்டு இணைப்பு திரும்பியது பிப்ரவரி 22ஆம் தேதி, ஐந்து வாரம் கழித்து. உள்நாட்டுக் கேபிளுக்கு ஓராண்டுக்கும் மேலாயிற்று. இத்தனைக்கும் 2019 ஜனவரியில் இதே கேபிள் ஒருமுறை அறுந்து, நாடு இரண்டு வாரம் போலத் துண்டிக்கப்பட்டிருந்தது. செயற்கைக்கோள் வழியாக முழுமையான மாற்று வழி வேண்டும் என்று அப்போதே பேசினார்கள். 2022 வரை அது கைகூடவில்லை. மூன்றாண்டுக்கு முன்பு எழுதிய பாடத்தைக் கடல் மறுபடி எழுதவைத்தது என்பது எனக்கு ஆறாத வருத்தம். பணக்கார நாட்டுக்கு நாலைந்து கேபிள் இருக்கும். ஒரு லட்சம் பேர் வாழ்கிற நாட்டுக்கு இரண்டாவது கேபிள் போடச் சந்தைக் கணக்கு இடம் தராது. இதைச் சந்தையிடம் விட்டுவிட்டுக் காத்திருப்பது நியாயமில்லை.

கேபிளும் கோபுரமும் வேண்டாத தொடர்பு ஒன்று உண்டு. சிற்றலை வானொலி. அந்த அலை மேலே போய், பூமிக்கு மேல் நூறு, முந்நூறு கிலோமீட்டரில் இருக்கிற மின்னூட்டம் பெற்ற காற்றடுக்கில் பட்டுப் பிரதிபலித்து, ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் இறங்கும். தேவைப்படுவது நூறு வாட் பெட்டி, ஒரு கார் பேட்டரி, மரத்துக்கு மரம் கட்டிய கம்பி. 2004 டிசம்பரில் இந்தியாவின் அமெச்சூர் வானொலிக் குழு ஒன்று பாரதி பிரசாத் தலைமையில் போர்ட் பிளேரில் முகாமிட்டிருந்தது. அந்தமானிலிருந்து அமெச்சூர் ஒலிபரப்பு என்பது உலக வானொலி ஆர்வலர்களுக்கு அபூர்வம் என்பதால், பொழுதுபோக்காக வந்த பயணம் அது. 26ஆம் தேதி காலையில் பூமி குலுங்கியதும் விளையாட்டு நின்றது. தொலைபேசி செத்த தீவுகளிலிருந்து இன்னார் உயிரோடு இருக்கிறார் என்ற செய்தி அந்தக் கம்பி வழியாகத்தான் பெருநிலத்துக்குப் போகத் தொடங்கியது. பிறகு நிகோபாருக்கும் ஆள் போனார்கள். கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்தில், இலங்கையிலிருந்து திரும்பி வந்த நம் தமிழ்க் குடும்பங்கள் எழுபதுகளிலிருந்து குடியிருக்கின்றன. அவர்களைத் தேடிய உறவுகளுக்கும் அந்நாள்களில் சேதி கிடைக்க வேறு வழி அதிகமில்லை.

மாங்கோ தீவிலிருந்து வந்த செய்தி இன்னும் சுருக்கம். படகுகளில் வைத்திருக்கும் அபாய சமிக்ஞைக் கருவி ஒன்று அங்கிருந்து ஒலித்ததைச் செயற்கைக்கோள் பிடித்தது. ஒரு கைப்பிடியளவு பெட்டி, ஒரு விசை, ஒரு பேட்டரி. அதில் பேச முடியாது. 'இங்கே யாரோ இருக்கிறார்கள்' என்று மட்டும் சொல்லும். அது போதுமானதாக இருந்தது. அந்த மக்களை முதலில் பக்கத்துத் தீவுக்கும் பிறகு பெரிய தீவுக்கும் கொண்டுவந்தார்கள். மாங்கோவுக்கு அவர்கள் வாழத் திரும்பவில்லை. இப்போது யூவா தீவில் அவர்களுக்குப் புதிய ஊர்.

அடுத்தது தண்ணீர். சோற்றைவிட முந்தி வருகிற பிரச்சினை இது. பவள மணல் தீவுகளில் ஆறு கிடையாது. மழைநீர் மணலில் இறங்கி, அடியிலுள்ள உப்புநீரின் மேல் ஒரு கண்ணாடி வில்லை போல மிதக்கிறது. தனுஷ்கோடியில் கடலுக்கு நாலடி தள்ளி மணலைக் கையால் தோண்டினால் குடிக்கத் தகுந்த நீர் ஊறுவதைப் பலர் பார்த்திருப்பீர்கள். அதே அதிசயம்தான். கடல்நீரின் அடர்த்தி நன்னீரைவிட நாற்பதில் ஒரு பங்குதான் அதிகம். அதனால் கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் ஒரு மீட்டர் நின்றால், கீழே ஏறக்குறைய 40 மீட்டர் ஆழத்துக்கு நன்னீர் இருக்க முடியும். மிக மென்மையான தராசு இது. புயலலை ஒருமுறை தீவின்மேல் ஏறி இறங்கினால் உப்பு மேலிருந்து உள்ளே போய்விடும். குக் தீவுகளின் புகாபுகாவை 2005 பிப்ரவரியில் பெர்சி புயல் அடித்தபோது, அங்கே கிணற்று நீர் குடிக்கத் தேறுவதற்கு ஏறக்குறைய ஓராண்டு ஆனது. இறைத்துக் கொட்டினால் சரியாகிவிடும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் அவசரப்பட்டு இறைத்தால் கீழிருந்தும் உப்பு மேலேறும். மழைதான் மெல்ல மெல்லக் கழுவ வேண்டும்.

டோங்காவில் பலர் கூரையில் விழுகிற மழையைத் தொட்டியில் பிடித்துக் குடிப்பவர்கள். கூரை முழுவதும் சாம்பல். அடுத்த மழை அதையெல்லாம் அடித்துத் தொட்டிக்குள் கொண்டுபோகும். அந்த நேரத்தில் வேண்டியது மிகச் சிறிய செயல்: மழை வருமுன் கூரைக் குழாயைத் தொட்டியிலிருந்து கழற்றிவிடுவது, கூரையைப் பெருக்கிய பிறகு திரும்ப மாட்டுவது. குழாய் கழற்றும்படியாக இருக்க வேண்டும், தொட்டிக்கு மூடி இருக்க வேண்டும், வீட்டில் இருக்கிற குழந்தைக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். நியூசிலாந்தின் ஆட்டீயரோவா கப்பல் இரண்டரை லட்சம் லிட்டர் தண்ணீரோடு வந்தது. நாளுக்கு 70,000 லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் கருவியும் அதில் இருந்தது. அது வந்து சேர ஏறக்குறைய ஒரு வாரம். அந்த வாரத்துக்குத் தொட்டிதான் கப்பல்.

உதவி வந்தபோது டோங்கா அரசு அதைத் தொடாமல் வாங்கியது. கொரோனா காலம். அதுவரை நாட்டுக்குள் தொற்றுப் பரவியதில்லை. இறக்கிய பெட்டிகளை 72 மணி நேரம் யாரும் தொடாமல் வைத்துவிட்டுத்தான் பிரித்தார்கள். தாகத்தில் இருக்கிறவன் தண்ணீர்ப் பெட்டியை மூன்று நாள் பார்த்துக்கொண்டே இருப்பதா என்று கேட்கத் தோன்றும். ஆனால் ஆக்லாந்திலிருந்து கிளம்பிய டாலூன் என்ற கப்பல், 1918 நவம்பரில் சமோவாவிலும் டோங்காவிலும் கரைசேர்ந்து, சரக்கோடு விஷக்காய்ச்சலையும் இறக்கிவிட்டுப் போனது. மேற்குச் சமோவாவில் ஐந்தில் ஒருவருக்கு மேல் இறந்துபோனார்கள். துறைமுகத்தை மூடிவைத்த அமெரிக்கச் சமோவாவில் ஒரு சாவும் இல்லை. நூறாண்டு ஆனாலும் பசிபிக் தீவுகள் இதை மறக்கவில்லை. 2022இல் வந்த ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் ஒன்றில் 23 பேருக்குத் தொற்று இருந்தது. அப்படியும் இப்படியுமாகப் பிப்ரவரி தொடக்கத்தில் துறைமுகத் தொழிலாளர் இருவருக்குத் தொற்று கண்டு, சாம்பலை அள்ளி முடிக்காத ஊர் ஊரடங்குக்குள் போனது. ஆனால் தடுப்பூசி போட்டுக்கொள்ள நேரம் கிடைத்திருந்தது. 1918இல் கிடைக்காதது அந்த நேரம்தான்.

கடைசியாகச் சோறு. இதற்கு நான் டிக்கோப்பியாவுக்குத்தான் போவேன்.

சாலமன் தீவுகளின் கிழக்குக் கோடியில் ஐந்து சதுர கிலோமீட்டர் பரப்புள்ள தீவு டிக்கோப்பியா. நடுவில் ஒரு பழைய எரிமலை வாய், அதில் டே ரோட்டோ என்ற ஏரி. தலைநகர் ஹோனியாரா சுமார் 1,000 கிலோமீட்டர் தூரத்தில். 1928இல் ரேமண்ட் ஃபர்த் என்ற மானிடவியலாளர் அங்கே போய் ஓராண்டு தங்கி எழுதியதால் அந்தச் சின்னஞ்சிறு தீவு உலகப் புகழ் பெற்றது. 1952இல் அவர் மறுபடி போனார். அப்போது புயலடித்து ஓய்ந்து பஞ்சம் தலைகாட்டிய நேரம். பட்டினியையும் திருட்டையும் சுருங்கிப்போன சடங்குகளையும் அவர் நேரில் பார்த்து எழுதினார். நான்கு குலத் தலைவர்கள் உட்கார்ந்து யார் என்ன பயிரிட வேண்டும், எதைத் தொடக்கூடாது என்று ஒழுங்கு செய்ததையும் எழுதினார். பசியிலும் அந்தச் சமூகத்தின் கட்டு முற்றாக அறுந்துவிடவில்லை.

2002 டிசம்பர் 28ஆம் தேதி சோயி என்ற புயல் அந்தத் தீவை அடைந்தது. நடுவழுத்தம் 890 ஹெக்டோபாஸ்கல். தென் அரைக்கோளத்தில் பதிவான கடும் புயல்களில் ஒன்று. வந்த புயல் கடந்துபோகாமல் அந்தப் பகுதியிலேயே ஒரு வட்டமடித்தது. அதனால் தீவு நாள்கணக்கில் அடி வாங்கியது. வானொலித் தொடர்பு இல்லை. பல நாள் கழித்து வானத்திலிருந்து எடுத்த படங்களில் பச்சையே இல்லை. மொட்டை மரங்களும் மணல் மூடிய ஊர்களும்தான். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்திருப்பார்கள் என்று செய்தித்தாள்கள் அஞ்சின. முதல் படகு போய்ச் சேர ஒரு வாரமாயிற்று. கரையில் மக்கள் நின்றுகொண்டிருந்தார்கள். ஒருவரும் சாகவில்லை.

காற்று திரும்புவதைப் பார்த்து முன்கூட்டியே மேட்டுக்கும் பாறை ஒதுக்குகளுக்கும் குகைகளுக்கும் போயிருந்தார்கள். அவர்கள் வீடுகள் தவழ்ந்துதான் நுழைய முடிகிற அளவுக்குத் தாழ்ந்த வாசலும் தரையைத் தொடும் கூரையும் கொண்டவை. காற்றுக்குப் பிடி கிடைக்காத வடிவம். இந்த முறை அந்த வீடுகளும் பல போய்விட்டன. ஆனால் மண்ணுக்கு அடியில் இருந்தது போகவில்லை.

அது 'மாசி'. ஈரப்பலா, சேம்பு, வாழை இவற்றைக் குழி தோண்டி, சுற்றிலும் இலை பரப்பி, நிரப்பி, மேலே மூடிக் கல் வைத்துவிடுவார்கள். காற்றுப் புகாத குழிக்குள் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் வேலையைத் தொடங்கும். நம் இட்லி மாவைப் புளிக்கவைக்கிற அதே இனம்தான். புளிப்பு ஏற ஏற அழுகவைக்கும் நுண்ணுயிர்கள் வாழ முடியாது. மாவு பிசைந்த களி போலாகி, நெடியடிக்கும். ஆனால் ஆண்டுக்கணக்கில் கெடாது. வேண்டியபோது கொஞ்சம் எடுத்துச் சுட்டுத் தின்னலாம், மறுபடி மூடிவிடலாம். மரத்தில் காய் நிறையத் தொங்குகிற காலத்தில் ஒரு பங்கை மண்ணுக்குக் கொடுத்துவைக்கிற பழக்கம் இது. புயல் மரத்தைப் பிடுங்கும், கூரையைப் பிடுங்கும், நிலத்துக்கு அடியில் நாலடியில் புளித்துக்கொண்டிருப்பதைப் பிடுங்காது. நிவாரண அரிசி வருவதற்கு முந்திய நாள்களில் இந்தக் குழிகளும் கிழங்குகளும்தான் சோறு.

சோயி ஓர் இடத்தில் மட்டும் அவர்களை உண்மையில் தோற்கடித்தது. ஏரிக்கும் கடலுக்கும் நடுவே இருந்த மணல்மேட்டை அலை உடைத்துவிட்டது. உப்புநீர் புகுந்து டே ரோட்டோ கடலோடு கலந்தது. ஏரி மீன் போனது, கரையோரச் சேம்புத் தோட்டங்கள் பட்டுப்போயின. இதற்குக் குழியில் மாற்று இல்லை. ஆண்டுகள் ஓடின. 2006இல் பாய்மரப் படகுகளில் வந்த நண்பர்கள் சிலர் கம்பிவலைக் கூண்டுகளைக் கொண்டுவந்து இறக்கினார்கள். தீவு மக்கள் கரையிலிருந்து கல்லைப் பொறுக்கிச் சுமந்து வந்து, கூண்டு கூண்டாக நிரப்பி, உடைப்பை அடைத்தார்கள்.